தொட்டி இரவில கதைக்குது

எங்கள் மகனுக்கு எட்டு வயது. போன வருசம் நவம்பரில் ஒருநாள் காலை, பள்ளிக்கூடப் பையைக் கொளுவிக்கொண்டு வாசலில் நின்றபடி சொன்னான்: "அம்மா, என்ர மீன் தொட்டி இரவில கதைக்குது."

"என்ன கதைக்குது?"

"கிர்ர்ர்... எண்டு. பிறகு நிக்கும். பிறகு திரும்பக் கிர்ர்ர்."

பஸ்ஸுக்கு நாலு நிமிடம்தான் இருந்தது. "ஃபில்டர் சத்தமாத்தான் இருக்கும், சப்பாத்தைப் போடு" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனேன்.

அடுத்த நாள் புதன்கிழமை. பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை என்பதால் புதன்களில் என் அம்மா வந்து அவனைப் பார்த்துக்கொள்வா. மூன்று மணிபோல வேலையிடத்துக்கு போன் எடுத்தா. "பிள்ளை, தம்பியின்ர அறைக்குள்ள பிளாஸ்டிக் கருகின மாதிரி ஒரு மணம் வருது." நான் மீட்டிங்கில் இருந்தேன். "கீழ் வீட்டில ஏதும் சமைக்கினமாக்கும் அம்மா, யன்னலைத் திறந்து விடுங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இருபது வருசம் முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்தவ என் அம்மா. அடுப்பில் என்ன கருகுது, எவ்வளவு நேரமாகக் கருகுது என்று அடுத்த அறையில் இருந்தே சொல்லுவா. அவவுக்குத்தான் நான் கீழ் வீட்டுச் சமையல் கதை சொன்னேன்.

இரவு மகன் நித்திரையான பிறகு, மனம் கேளாமல் போய்த் தொட்டி வைத்திருக்கும் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். லைட்டுக்குப் போட்டிருந்த டைமர் கையை வைக்க முடியாத சூடு. பிளக்கை இழுத்துக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால், வெள்ளை டைமரின் ஒரு மூலை தேயிலைச் சாயம் பட்டதுபோல மண்ணிறமாகி, ஓரம் கொஞ்சம் குழிந்திருந்தது. அதற்கும் மகனின் தலையணைக்கும் இடையில் ஒன்றரை மீற்றர். நடுவில் ஒரு துணித் திரை.

நான் ஒரு மென்பொருள் பொறியியலாளர். சர்வர்கள் பழுதாகும்போது எச்சரிக்கை வருகிறதா, வந்த எச்சரிக்கையை யாரும் பார்க்கிறார்களா என்று கவனிப்பது என் தொழிலின் ஒரு பாதி. வீட்டில் இரண்டு எச்சரிக்கை வந்தது, ஒன்று எட்டு வயதுக் காதில் இருந்து, மற்றது எழுபது வயது மூக்கில் இருந்து. இரண்டையும் நான்தான் தட்டிக் கழித்தேன். அந்த வெட்கத்தில்தான் அடுத்த சில வாரம் இந்த டைமர் விசயத்தைத் தோண்டித் தோண்டிப் படித்தேன். வீட்டில் மீன் தொட்டி இல்லாதவர்களும் வாசியுங்கள். சாமித்தட்டு லைட்டுக்கும், மார்கழி மாத பல்கனி அலங்காரத்துக்கும் நாங்கள் போடுவது இதே டைமர்தான்.

ஏன் டைமர் இல்லாமல் முடியாது

முதலில் ஒரு விசயம். மீன் தொட்டிக்கு டைமர் போடுவது ஆடம்பரம் இல்லை. சுவிஸின் விலங்குப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2008 செப்டெம்பர் 1 இல் இருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி தொட்டி மீன்களுக்கும் இயற்கையான பகல் இரவு ஒழுங்கு இருக்க வேண்டும். தொட்டியின் ஒரு பக்கமாவது உள்ளே பார்க்க முடியாதபடி மறைத்திருக்க வேண்டும் என்றும் அதில் உண்டு. மகனுக்கு இதை வாசித்துச் சொன்னபோது, "அப்ப மீனுக்கும் பிரைவசி இருக்கு, எனக்கு மட்டும் இல்லை" என்றான். அது வேறு கதை.

சட்டத்தை விடுங்கள். எட்டு வயதுப் பிள்ளை தினமும் காலை ஒன்பதுக்குப் போட்டு இரவு ஏழுக்கு நிற்பாட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. லைட் கூட நேரம் எரிந்தால் பாசி பிடிக்கும், கண்டபடி எரிந்தால் மீன் கலவரப்படும். ஆகவே டைமர் வேண்டும். ஆனால் பாருங்கள், வீட்டில் உள்ள எல்லா மின்சாதனத்திலும் நாங்கள் வருசக்கணக்காக எட்டிப் பார்க்காத ஒன்று அதுதான். அலமாரிக்குப் பின்னால், தண்ணீருக்குப் பக்கத்தில், தூசிக்குள், எவரும் வீட்டில் இல்லாத நேரத்திலும் எல்லாரும் நித்திரையாக இருக்கும் நேரத்திலும் தானாக வேலை செய்வதற்கென்றே வாங்கிய சாமான்.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடந்தது

மூன்று நாள் கழற்றி வைத்துவிட்டு டைமரைத் திறந்தேன். நீங்கள் திறக்க வேண்டாம். உள்ளே கரண்ட் தேங்கி நிற்கும் பாகங்கள் உண்டு.

எங்களுடையது டிஜிட்டல் டைமர், சின்னத் திரையும் நாலைந்து பொத்தானும் உள்ளது. இந்த வகைக்குள் ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். மின்காந்தம் இழுத்தால் இரண்டு உலோகப் புள்ளிகள் ஒட்டும், லைட் எரியும். விட்டால் பிரியும், லைட் நிற்கும். அந்த மின்காந்தத்துக்குச் சின்ன அளவில் கரண்ட் வேண்டும். அதற்கு ஒழுங்கான பவர் சப்ளை வைத்தால் செலவு கூடும். அதனால் மலிவான டைமர்களில் 230 வோல்ட் லைனில் நேரடியாக ஒரு கப்பாசிட்டரைப் போட்டு, அது விடுகிற அளவு கரண்டை வைத்தே ரிலேயை இழுப்பார்கள். புதிதாக இருக்கும்போது ஒரு குறையும் இல்லை.

சிக்கல் வருசங்கள் போகப் போக வருகிறது. இந்தக் கப்பாசிட்டருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. உள்ளே எங்காவது ஓட்டை விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தானே எரித்து ஆற்றிக்கொள்ளும், வெடிக்காது. ஆனால் ஒவ்வொரு தடவை ஆற்றும்போதும் அதன் கொள்ளளவு ஒரு துளி குறையும். குறையக் குறைய ரிலேக்குப் போகிற கரண்டும் குறையும். ஒருநாள் மின்காந்தத்துக்கு இழுக்கவும் பலம் இல்லை, விடவும் மனமில்லை என்ற நிலை வரும். உலோகப் புள்ளிகள் ஒட்டியும் ஒட்டாமலும் வினாடிக்குப் பல தடவை துடிக்கத் தொடங்கும்.

அந்தத் துடிப்பைத்தான் மகன் கேட்டிருக்கிறான். தொட்டி கதைக்குது என்று அவன் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

இங்கேதான் எல்.ஈ.டி லைட்டின் குணமும் சேருகிறது. எங்கள் தொட்டி லைட் வெறும் 24 வாட். பத்தில் ஒரு அம்பியர். இந்தச் சின்னக் கரண்டுக்கு என்ன ஆகப்போகுது என்றுதான் எவரும் நினைப்போம். ஆனால் எல்.ஈ.டி லைட்டின் பவர் சப்ளைக்குள்ளும் ஒரு கப்பாசிட்டர் காலியாகக் காத்திருக்கும். சுவிட்ச் விழுந்த கணத்தில், ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்கும் குறைவான நேரத்துக்கு, சாதாரணமாக எடுப்பதைப் போலப் பல மடங்கு கரண்டை அது உறிஞ்சும். உலோகப் புள்ளிகளில் ஒரு பொறி பறக்கும். நாளுக்கு ஒரு தடவை என்றால் பரவாயில்லை, அதற்காகச் செய்ததுதான் ரிலே. வினாடிக்குப் பல தடவை துடிக்கிற ரிலேயில் அதே அளவு பொறி ஒவ்வொரு தடவையும் வராவிட்டாலும், ஒரு வருசத்துத் தேய்மானம் ஒரு இரவுக்குள் நடந்துவிடும். புள்ளிகள் கருகும், சூடாகும், சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் மண்ணிறமாகும்.

சில நேரம் இன்னொன்றும் நடக்கும். பொறியில் உருகிய இரண்டு புள்ளிகளும் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். டைமர் "ஓஃப்" என்று காட்டும், லைட் விடிய விடிய எரியும். "டைமர் குழம்பிட்டுது" என்று பலர் பொத்தானை அமத்தி அமத்தி நேரத்தைத் திருத்திக்கொண்டிருப்பது இதைத்தான். அது நேரப் பிழை இல்லை, ரிலே முடிந்துவிட்டது. குப்பைக்குப் போக வேண்டியது.

"16 ஏ" என்று எழுதியிருந்ததே?

பயந்துபோய் ஒரு மின்தொழிலாளரைக் கூப்பிட்டோம். ஓய்வு பெறும் வயதில் இருந்த பேர்ண்காரர், நிதானமான மனிதர். கருகின டைமரை மேலும் கீழும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதில் லைட் மட்டும்தானே போட்டிருந்தீர்கள்?" ஓம் என்றேன். "அந்த லைட்டுக்கு நன்றி சொல்லுங்கள்" என்றார்.

எனக்கு வயிற்றைப் புரட்டியது. ஏனென்றால் அந்தக் கிழமைதான், விடியக் காலையில் மகனின் அறை குளிராக இருக்கிறதே, அறை ஹீட்டரையும் அதே டைமரில் போட்டால் அவன் எழும்பும்போது சூடாக இருக்கும் என்று இவரும் நானும் கதைத்திருந்தோம். டைமரில் 16 அம்பியர், 3680 வாட் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஹீட்டர் 2000 வாட்தானே?

கணக்கைப் பார்ப்போம். ஓ லெவல் பௌதிகம்தான், பயப்படாதீர்கள். தேய்ந்து கருகின ஒரு தொடுபுள்ளியில் 0.2 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 24 வாட் லைட் ஒழுங்காக எரியும்போது அந்த இடத்தில் உண்டாகும் சூடு ஒரு வாட்டில் ஐந்நூறில் ஒரு பங்கு. ஒன்றுமே இல்லை. அதே புள்ளி வழியாக 2000 வாட் ஹீட்டர் ஓடினால், கரண்ட் 8.7 அம்பியர், சூடு 15 வாட். சின்ன சோல்டரிங் அயன் ஒன்றின் சூடு அது. நகக்கண் அளவு இடத்தில், பிளாஸ்டிக் பெட்டிக்குள், அலமாரிக்குப் பின்னால், இரவு முழுக்க.

லைட்டுக்குப் போட்ட டைமரின் ஆபத்து பெரும்பாலும் அதன் பழுதில் தொடங்குகிறது. பெரிய சாமானுக்குப் போட்டால் பழுதாகத் தேவையே இல்லை, கொஞ்சம் தளர்ந்தாலே போதும்.

அந்த 16 அம்பியரிலும் இரண்டு பொடி இருக்கிறது. ஒன்று, அது கேத்தில் மாதிரி வெறுமனே சூடாகும் சாமான்களுக்கு உரிய அளவு. மோட்டார், பழைய ரியூப் லைட் சோக் போன்றவைக்கு எவ்வளவு என்பதை அடைப்புக்குள் சின்னதாகப் போடுவார்கள். 16(2) என்று இருந்தால் அவற்றுக்கு 2 அம்பியர்தான். எல்.ஈ.டிக்கு எவ்வளவு என்று பல டைமர்களில் எழுதியே இருக்காது.

இரண்டாவது, சுவிஸ் வீட்டுச் சுவரில் நாங்கள் தினமும் பாவிக்கிற மூன்று ஓட்டைச் சொக்கெட் 10 அம்பியருக்குத்தான். அதாவது 2300 வாட். 16 அம்பியர், 3680 வாட் என்று எழுதிய டைமர் ஜேர்மன் சொக்கெட்டுக்காகச் செய்தது. எங்களுடையதும் அதுதான். ஒன்லைனில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி, பயணத்துக்கு வைத்திருந்த அடப்டரில் செருகி, மூன்று வருசமாக அப்படியே விட்டிருந்தேன். சுவிஸில் விற்கிற வீட்டு மின்சாதனம் சுவிஸ் பிளக்கோடு வர வேண்டும் என்பது விதி. அதைக் கண்காணிப்பது சமஷ்டி மின் பரிசோதனை அலுவலகம், ஜேர்மன் சுருக்கத்தில் எஸ்தி. ஆனால் வெளிநாட்டில் இருந்து பார்சலில் நேராக வீட்டுக் கதவுக்கு வருகிற சாமானை எந்த அலுவலகம் ஒவ்வொன்றாகப் பார்க்கும்? பயண அடப்டர் என்பது ஹோட்டல் அறையில் இரண்டு நாளைக்கு. வீட்டில் நிரந்தரமாகப் பாவிக்க ஃபிக்ஸ் அடப்டர் என்று ஒன்று விற்கிறார்கள். பிளக்கைச் சுற்றி மூடிப் பூட்டிவிட்டால் கையால் கழற்ற வராது. சில பயண அடப்டர்களில் நில இணைப்பு, அதாவது எர்த், தொடர்வதே இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு எர்த் இல்லாத இணைப்பு கொடுப்பது எவ்வளவு விளையாட்டு என்று நான் சொல்லத் தேவையில்லை.

"சரி, எங்கட வீட்டில எஃப்.ஐ சுவிட்ச் இருக்குத்தானே, ஏதும் நடந்தா விழும்" என்று இவர் கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மின்தொழிலாளர் தலையை ஆட்டினார். எஃப்.ஐ பார்ப்பது போன கரண்ட் முழுக்கத் திரும்பி வருகிறதா என்பதை. 30 மில்லி அம்பியர் வேறு வழியாக, உதாரணத்துக்குத் தண்ணீர் வழியாகவோ மகனின் கை வழியாகவோ, கசிந்தால் உடனே விழும். உயிர் காக்கிற சாமான், சந்தேகமில்லை. ஆனால் தளர்ந்த தொடுபுள்ளியில் சூடாகிற கரண்ட் எங்கும் கசிவதில்லை. போனது அப்படியே திரும்பி வருகிறது. எஃப்.ஐக்கு அது தெரியவே தெரியாது. சாதாரண பியூசுக்கும் தெரியாது, ஏனென்றால் அளவுக்கு மிஞ்சி ஒன்றும் ஓடவில்லை. அந்தப் பொறியை உணர்கிற தனி வகை சுவிட்ச் சந்தையில் இருக்கிறது, ஆனால் வாடகை வீடுகளில் அதைப் பார்ப்பது அரிது.

இன்னொன்று. எஃப்.ஐ எல்லா வீட்டு சொக்கெட்டுக்கும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2010 இல் இருந்துதான் புதிதாகப் போடுகிற சொக்கெட்டுகளுக்கு அது கட்டாயம். அதற்கு முந்திய வீடுகளில் குளியலறைக்கு மட்டும் இருந்து, படுக்கையறைக்கு இல்லாமல் இருக்கலாம். பியூஸ் பெட்டியைத் திறந்து, "ரி" அடையாளம் உள்ள சோதனைப் பொத்தானை அமத்திப் பாருங்கள். எந்த அறை சொக்கெட்டுகள் நிற்கின்றன என்பதில் விடை தெரியும்.

எங்களுடைய அப்பா அம்மாவுக்கு வருகிற கடிதங்களைப் பத்து வயதில் இருந்தே மொழிபெயர்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். "வீட்டுக் கரண்ட் முழுக்க ஆள் வந்து செக் பண்ணிட்டுது, பேப்பர் தந்தவங்கள்" என்று என் அம்மா அடிக்கடி சொல்லுவா. அந்தப் பேப்பரையும் எடுத்துப் பார்த்தேன். குடியிருப்பு வீடுகளுக்கு வழமையாக 20 வருசத்துக்கு ஒருமுறை நடக்கிற சோதனை அது. அவர்கள் பார்ப்பது சுவருக்குள் இருக்கும் வயரிங், சொக்கெட் வரைக்கும். சொக்கெட்டுக்கு வெளியே தொங்குகிற அடப்டர், டைமர், ஸ்டெக்கர்லைஸ்டெ எல்லாம் எங்கள் பொறுப்பு.

ஸ்டெக்கர்லைஸ்டெ என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் அலமாரிக்குப் பின்னால் அது நிலத்தில் மல்லாந்து கிடந்தது. ஓட்டைகள் எல்லாம் வானத்தைப் பார்த்தபடி. லைட் வயர் தொட்டி விளிம்பில் இருந்து நேராக அதற்குள் இறங்கியது. மகன் தண்ணீர் மாற்றும்போது வயரில் படுகிற துளி வழுக்கிக்கொண்டு எங்கே போகும்? ஓட்டையைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு இருந்தது. பேர்ண் தண்ணீரின் கல்க், கேத்திலுக்குள் படிகிற அதே சுண்ணாம்பு. துளி வந்து காய்ந்து வந்து காய்ந்து படிந்தது. நாட்கணக்காக அல்ல, மாதக்கணக்காக. டைமர் கதையைவிட எனக்கு உண்மையில் நித்திரை கெட்டது அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துத்தான்.

இதற்கு வைத்தியம் காசில்லாதது. வயரைச் சொக்கெட்டுக்கும் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுப் பிறகு மேலே கொண்டுவந்து செருகினால், துளி வளைவின் அடியில் நிலத்தில் சொட்டும், சொக்கெட்டுக்கு ஏறாது. ஸ்டெக்கர்லைஸ்டெயைத் திருகாணி போட்டு நிலத்தில் இருந்து உயர்த்திச் சுவரில் மாட்டினோம், தொட்டிக்கு நேர் கீழே இல்லாமல் பக்கவாட்டில். ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டாவது லைஸ்டெயை எடுத்துவிட்டோம்.

தொட்டிக்குள் போடுகிற ஹீட்டரையும் ஃபில்டரையும் டைமரில் போடுவதில்லை. ஃபில்டர் நின்றால் தண்ணீர் பழுதாகும். ஹீட்டருக்குத் தன் தெர்மோஸ்டாட் இருக்கிறது. ஆனால் தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரின் பிளக்கைக் கையால் கழற்ற வேண்டும், தண்ணீர் இறங்கி அது வெளியே தெரிகிற நிலையில் எரியக்கூடாது. ஹீட்டர்களும் விளையாட்டுச் சாமான் இல்லை. 2011 இல் அமெரிக்காவில் யுனைட்டட் பெட் குரூப் நிறுவனம் தன் மரீன்லேண்ட் ஸ்டெல்த் வகைத் தொட்டி ஹீட்டர்களைச் சுமார் 12 இலட்சம் அளவில் திருப்பி அழைத்தது. அளவுக்கு மிஞ்சிச் சூடாகி உடையலாம், தீப்பிடிக்கலாம் என்பதுதான் காரணம். சுவிஸில் இப்படித் திருப்பி அழைக்கப்படும் பொருட்களை ரிகால்சுவிஸ் என்ற அரச இணையத்தளத்தில் பார்க்கலாம். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், கார் சீற் எல்லாம் அதில் வரும்.

ஆறு நிமிடம் பிந்திய ஐரோப்பா

இப்போது எங்கள் தொட்டியில் இருப்பது பழைய வகை. நடுவில் சக்கரம், சுற்றிவர 96 சின்னப் பற்கள், ஒரு பல்லுக்குக் கால் மணித்தியாலம். சுவிஸ் பிளக் உள்ளது, இங்கே கடையில் வாங்கினது. எனக்கு முன்னால் இருந்த தேர்வு மூன்று: புது டிஜிட்டல், இன்ரநெற்றோடு இணைகிற ஸ்மார்ட் பிளக், இந்தச் சக்கரம். என் தொழிலில் உள்ளவர்கள் ஸ்மார்ட் பிளக் வாங்காமல் விடுவது அதிசயம், எனக்குத் தெரியும். ஆனால் அதற்குள்ளும் இருப்பது அதே ரிலேதான். அதற்கு மேல் வைஃபை, ஒரு அப், எங்கோ இருக்கிற ஒரு நிறுவனத்தின் சர்வர். கரண்ட் போய் வந்தால் அது எரிந்த நிலையில் எழும்புமா அணைந்த நிலையில் எழும்புமா என்பது எவரோ எழுதின ஒரு செட்டிங். ஒரு சாமான் எப்படி வேலை செய்யும் என்பதைவிட எப்படிப் பழுதாகும் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். சக்கரம் பழுதானால் நிற்கும். நின்ற இடத்தில் லைட் எரிந்தபடியோ அணைந்தபடியோ இருக்கும், மகன் பார்த்துச் சொல்லுவான். அதில் ரிலேயும் இல்லை, துடிப்பதற்கு மின்காந்தமும் இல்லை. சக்கரத்தின் பல் தள்ள ஒரு சுவிட்ச் டிக் என்று விழுகிறது. அதன் தொடுபுள்ளிகளும் தேயும், மறுக்கவில்லை. அதனால் இதிலும் லைட் மட்டும்தான்.

குறை இல்லாமலும் இல்லை. கரண்ட் அரை மணித்தியாலம் போனால் இது அரை மணித்தியாலம் பிந்தும். காதை வைத்தால் மெல்லிய ரீங்காரம் கேட்கும். கோடைகால நேரம், குளிர்கால நேரம் எதுவும் தெரியாது. அதைவிட வேடிக்கையான குறை ஒன்று உண்டு, அதைச் சுவிஸில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

2018 பெப்ரவரியில் நான் படித்துக்கொண்டிருந்தேன், அம்மா வீட்டில்தான் இருந்தேன். அம்மா வேலைக்குப் போகிற பஸ்ஸை ஒரே கிழமையில் இரண்டு தடவை விட்டுவிட்டா. "குசினி மணிக்கூடு பிந்துது" என்றா. அடுப்பில் இருக்கிற மணிக்கூடு எப்படியம்மா பிந்தும், நீங்கள்தான் பிந்துறீங்கள் என்று சிரித்தேன். (ஆம், அப்போதும் நான்தான்.) மார்ச் மாதம் செய்தியில் வந்தது. ஐரோப்பாவின் 25 நாடுகளில், கரண்ட் அலையை எண்ணி நேரம் காட்டுகிற மணிக்கூடுகள் எல்லாம் ஏறத்தாழ ஆறு நிமிடம் பிந்திவிட்டன.

இந்த மணிக்கூடுகளுக்கும் சக்கர டைமருக்கும் உள்ளே தனி நேரம் இல்லை. சுவர்க் கரண்ட் வினாடிக்கு 50 தடவை அலை அடிக்கிறது, அதை வைத்துத்தான் மோட்டார் சுழல்கிறது. போர்த்துக்கல்லில் இருந்து துருக்கி வரை ஒரே வலை, ஒரே அலை. கொசோவோவுக்கும் சேர்பியாவுக்கும் இடையிலான பிணக்கில், அந்தப் பகுதியில் பாவித்த மின்சாரத்துக்கு ஈடாக உற்பத்தி செய்து வலைக்குக் கொடுக்காமல் விட்டார்கள். ஜனவரி நடுப்பகுதியில் இருந்து மார்ச் தொடக்கம் வரை 113 கிகாவாட் மணித்தியாலம் பற்றாக்குறை. அலை 50க்குப் பதிலாகச் சராசரி 49.996 ஆகக் குறைந்தது. ஐம்பது நாளில் ஆறு நிமிடம். எங்கோ ஒரு எல்லைச் சண்டை, பேர்ணில் என் அம்மாவுக்கு பஸ் விட்டுப்போனது.

இந்த வலையின் நேரத்தைக் கண்காணிப்பது யார் தெரியுமா? எங்கள் சுவிஸ்கிரிட்தான். 1958 இல் ஆர்காவ் மாநிலத்து லாவ்ஃபன்பேர்க் என்ற சின்ன ஊரில் சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ் மூன்றின் மின்கம்பிகளையும் இணைத்தார்கள். லாவ்ஃபன்பேர்க் நட்சத்திரம் என்று அதற்குப் பெயர். இன்றைய ஐரோப்பிய வலை அங்கிருந்து வளர்ந்தது. மின்வலை நேரம் உண்மை நேரத்தில் இருந்து 20 வினாடிக்கு மேல் விலகினால், அடுத்த நாள் முழு வலையும் 49.990 அல்லது 50.010 ஹெர்ட்ஸில் ஓடவேண்டும் என்று சுவிஸ்கிரிட் அறிவிக்கும். எங்கள் தொட்டியின் சக்கரம் ஒரு சின்ன ஊரின் கணக்கில் சுழல்கிறது என்று மகனுக்குச் சொன்னேன். வரைபடத்தில் லாவ்ஃபன்பேர்க்கைத் தேடிப் பிடித்து, அங்கே போகவேண்டும் என்று நிற்கிறான்.

மீனுக்கு ஆறு நிமிடம் ஒரு பொருட்டில்லை. தீ விசயத்தில்தான் நிமிடத்துக்கு விலை. சுவிஸில் தனியார் வீடுகளுக்குப் புகை எச்சரிக்கைக் கருவி பொதுவாகக் கட்டாயம் இல்லை. பக்கத்து ஜேர்மனியில் எல்லா மாநிலத்திலும் கட்டாயம். கட்டாயம் இல்லை என்பதால் எங்களிடமும் இருக்கவில்லை. அந்தச் சனிக்கிழமையே மூன்று வாங்கினோம், படுக்கையறை இரண்டுக்கும் நடைபாதைக்கும். திருகாணி ஒன்று, பற்றரி உள்ளேயே இருக்கிறது. தீயணைப்புக்கு 118 என்பதையும் மகனுக்குப் பாடமாக்கினோம். பொலிஸ் 117, அம்புலன்ஸ் 144 அவனுக்குத் தெரிந்திருந்தது, இது தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன், அவவுக்கும் தெரியவில்லை. முப்பது வருசம் இந்த நாட்டில்.

இப்போது மாதத்தில் ஒருநாள், லைட் எரிந்து ஒரு மணித்தியாலம் ஆன பிறகு, டைமரிலும் லைஸ்டெயிலும் புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். கொஞ்சம் இளஞ்சூடு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றினால் பிளக்கைக் கழற்றவேண்டியதுதான். மார்ச்சிலும் ஒக்டோபரிலும் கடைசி ஞாயிறு சக்கரத்தை ஒரு மணித்தியாலம் திருப்புவது மகனின் வேலை. முன்னுக்கு மட்டும்தான் சுற்றலாம், பின்னுக்குச் சுற்றினால் உள்ளே பல் உடையும். ஆகவே ஒக்டோபரில் 23 மணித்தியாலம் சுற்றுகிறான்.

போன மாதம் அம்மா வீட்டையும் ஒரு சுற்றுப் பார்த்தோம். பயண அடப்டர் நாலு எடுத்தோம். ஒன்று லண்டனில் இருந்து சித்தி கொண்டுவந்த சோற்றுக் குக்கரில், ஒன்று சாமித்தட்டு மின்மினி லைட்டில், ஒன்று எதிலும் இல்லாமல் சுவரில் சும்மா. நாலாவது சென்னையில் வாங்கின கிரைண்டரில். மூன்றையும் எறியவிட்டா. கிரைண்டரைத் தொட விடவில்லை. "ஞாயிற்றுக்கிழமை தோசைக்கு அரைக்க வேணும், அதுக்குப் பிறகு பார்ப்பம்" என்றா. பிளக்கை மாற்றித்தர அந்தப் பேர்ண்காரர் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.